நொச்சிக்கு ஒரு பரீட்சை

போன மாதம் எனக்கும் தம்பிக்கும் ஒரே நாளில் மூக்கடைப்பு. பேசாமல் இருந்திருக்கலாம். நான் விஞ்ஞான வாத்தியார், பேசாமல் இருப்பேனா?

விஷயம் ஸ்கூட்டரில் ஆரம்பித்தது. பதிவு செய்து ஐந்து வருஷம் காத்திருந்து வாங்கிய வண்டி. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் விடிந்தால் தெரு நெடுக நெசவுக்கான பட்டுப் பாவு நூலை நீட்டிவிடுவார்கள், வண்டி நிறுத்த இடம் கிடையாது. கொல்லையில் நிறுத்தலாமென்றால் அங்கே ஒரு நொச்சிச் செடி! வெட்டலாம் என்றேன். மூக்கடைப்புக்கு அதுதான் மருந்து என்று என் மனைவி சரோஜா குறுக்கே நின்றாள்.

ஆதாரம் கேட்டேன். அதற்குத்தான் வீட்டில் இரண்டு மூக்கு இருக்கிறதே என்றாள். ஒருவர் தினமும் மாலையில் நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த ஆவியில் வேது பிடிப்பது, மற்றவர் சும்மா இருப்பது. சும்மா இருந்தவருக்கும் நாலு நாளில் மூக்கு திறந்துவிட்டால் செடியை வெட்டலாம். சீட்டுப் போட்டோம். நான் 'சும்மா'.

இரண்டாம் நாளே தம்பி குழம்பை மோந்து பார்த்துச் சிரிக்கிறான். எனக்கோ காபியும் கஷாயமும் ஒன்று... மண்டைக்குள் அம்மியை வைத்தது போல் கனம். மூன்றாம் நாள் மாலை சரோஜா கொல்லையில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். அடுப்பில் தம்பியின் வேதுச் சட்டி கொதிக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சட்டியை இறக்கினேன், போர்வையை மூடினேன். பத்தே நிமிஷம் — திறந்துவிட்டது!

உள்ளே வந்தவள் என் குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"உங்களுக்கும் மூக்கடைப்பு உட்டுடுச்சா? அப்ப நொச்சி தோத்துப் போச்சு. நாளைக்கே வெட்டிடுங்க."

வாயை மூடிக்கொண்டிருந்தால் இடம் கிடைத்துவிடும். ஆனால் பரிசோதனையில் பொய் எழுதாதே என்று வகுப்பில் காதைத் திருகுகிறவன் நான். வெட்கமாகிவிட்டது. நடந்ததைச் சொல்லி, நொச்சிதான் ஜெயித்தது என்று ஒப்புக்கொண்டேன்.

சரோஜா மடியைப் பிரித்துக் காட்டினாள். அப்போதுதான் பறித்த நொச்சி இலை.

"இன்னும் இத சட்டியில போடவே இல்லீங்க. நீங்க புடிச்சது வெறும் வெந்நீரு."

போர்வைக்குள் இருட்டு. மூக்கு திறந்த சந்தோஷத்தில் வாசனையை யார் தேடினார்கள்? அப்படியானால் தம்பிக்குக் கேட்டது நொச்சியா, வெந்நீரா? தெரியாது. வெந்நீருக்கென்று தனியாக மூன்றாவது மூக்கு ஒன்று வைத்திருக்க வேண்டும். நாம் சத்தியம் செய்கிற கைமருந்துகளில் பாதிக்கு இதே கதிதான் — கூடவே வேறு என்ன இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

அப்படியென்றால் செடியை வெட்டலாமா என்று மெல்லக் கேட்டேன்.

"பரீட்சையில காப்பியடிச்சவன என்னா பண்ணுவீங்க? திரும்ப எழுத சொல்ல மாட்டீங்க? அடுத்த சளி வரட்டும்."

தினமும் விடியுமுன் ஸ்கூட்டரைத் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போகிறேன். பனியில், தலையில் துண்டுகூடக் கட்டாமல்... பாழாய்ப்போன சளி, வரவே மாட்டேன் என்கிறது!