ஃபிளெக்ஸில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர்

போன வாரம் மேலகரத்தில், எங்கள் தெரு முக்கில் ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். உலகக் கோப்பை கபடிக்காக வெளிநாடு செல்லும் இசக்கிக்கு வாழ்த்து. மறுநாளே நாட்டின் பெயர் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள்.

எங்கே போகிறாள்? ஃபிளெக்ஸைப் பார்த்தால் தெரியாது.

இதற்கு நான்தான் காரணம்.

அந்த நாட்டில் ஸ்டேடியம் கட்டும்போது வெயிலில் வேலையாட்கள் செத்தார்கள். மிச்சப் பேரின் பாஸ்போர்ட்டை முதலாளிகள் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று படித்தேன். எனக்குக் கோபம் வந்தால் பட்டியல் போடுவேன். 'ஏன் இந்தப் போட்டியைப் புறக்கணிக்க வேண்டும்? ஆறு காரணங்கள்' என்று எழுதி, ஃபிளெக்ஸ் வைத்த அன்றிரவே தெரு வாட்ஸப் குரூப்பில் போட்டேன். கைதட்டல் எமோஜிகள் குவிந்தன.

ஃபிளெக்ஸ் வைத்தவர் முருகையா அண்ணாச்சி. இளைஞர் மன்றத் தலைவர் - வயது ஐம்பத்திரண்டு. ஸ்டிக்கரும் அவர் உபயம்தான். இசக்கி படத்தைவிடப் பெரிதாக இருந்த தன் படத்தை மட்டும் மறைக்கவில்லை.

ஸ்டிக்கர் ஒட்டிய அன்று சாயங்காலம் இசக்கி என் வீட்டுக்கு வந்தாள். பதினோரு வருடமாக விடிவதற்குள் குற்றாலம் ரோட்டில் ஓடுகிறவள். இந்திய அணிக்கு இதுதான் முதல் அழைப்பு. அடுத்த கோப்பை வரை முழங்கால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எக்கா, ஒங்க லிஸ்ட்டப் படிச்சேன். ஆறும் சரிதான். தெருவுல எல்லாரும் போகாதங்காவ. சரி, நான் கபடிய விடுதேன்... மத்தவங்க எதை விடுதாவ?"

நியாயமான கேள்வி. எக்ஸெலைத் திறந்தேன். ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் விடப்போவது. அண்ணாச்சி - மேட்ச் பார்க்க மாட்டார். (அவர் வீட்டு டிவி ரிப்பேராகி மூன்று மாதம்.) எதிர்வீட்டு மதினி - கண்டனம் தெரிவித்து ஸ்டேட்டஸ் வைப்பார். மற்றவர்கள் - எமோஜி.

"ஒங்க பேரு எங்கக்கா?"

நான் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறேன். எங்கள் டீமுக்கு ஒரே கிளையன்ட்தான்... அந்த நாட்டு பேங்க். ஆறு காரணங்களை டைப் செய்ததே அந்த வேலைக்காகத் தந்த லேப்டாப்பில்.

சொன்னேன். இசக்கி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "டீ இருக்காக்கா?" என்றாள்.

டீயைக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "நான் போறேன். அங்கன நம்மூரு ஆளுங்க வேலைக்கி இருப்பாவல்லா? பாத்துப் பேசிட்டு வாரேன். ஒங்க குரூப்புல யாராச்சும் அவங்ககிட்ட ஒரு வார்த்த பேசிருக்காவளா?"

இல்லை. நானும் பேசவில்லை.

குரூப்பில் இன்னொரு மெசேஜ் போட்டேன். 'ஆறு காரணங்களும் உண்மை. ஆனால் இசக்கியைப் போகாதே என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது.' ஒரு எமோஜிகூட வரவில்லை.

வியாழக்கிழமை காலை அவளைத் தென்காசி ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டுத் திரும்பினேன். நல்ல சாரல். முக்கில் அண்ணாச்சி குடையோடு நின்று, பிரிந்த ஸ்டிக்கரின் ஓரத்தை ஒற்றை விரலால் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"நல்லா அழுத்தி ஒட்டுங்க அண்ணாச்சி."

"ஏட்டி, வேணும்னுதான் லேசா ஒட்டிருக்கேன். புள்ள ஜெயிச்சிட்டு வந்தா பிய்க்கணும்லா?"

நான் வாதாடவில்லை. பத்து மணிக்குக் கிளையன்ட் கால்.