துளையில்லாத நுரைப்பலகை

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் மலையாளம் பேசும் ஊரான கரமனையில் ஒரு சிறிய பட்டறையில் வேலை பார்த்தேன். கார்பன் இழைத்துணியில் பந்தயப் படகுகள் செய்வோம். முதலாளி நாகர்கோவில் பக்கத்துக்காரர். அவர் மகள் கல்லூரியில் துடுப்புப் பந்தயக்காரி; என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு வருஷம் அவளுக்கென்றே ஒற்றை ஆள் படகு ஒன்று செய்தோம்.

அச்சில் ஒரு துணி, அதன்மேல் மெல்லிய நுரைப்பலகை, மேலே இன்னொரு துணி. பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சினால், துணியை இறுக்கிக் கெட்டியாக்கும் ரெசின் பசை தானே உள்ளே ஓடும். நுரைப்பலகை ரெசினைக் குடிக்காது. நெருக்கமாகத் துளை போட்டால்தான் அடித்துணிக்கு ரெசின் இறங்கும்; இறங்காத இடம் வெறும் துணிதான், பலமே இருக்காது. துளை போடுவது என் வேலை.

அந்தச் சனிக்கிழமை காலை முதலாளியும் மகளும் படகை வெள்ளாயணிக் காயலுக்குக் கொண்டுபோனார்கள். நான் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். துணிச்சுருளுக்குப் பின்னால் ஒரு நுரைப்பலகை. என் கையெழுத்தில் 'இடது, நடு' என்று பென்சிலால் எழுதியிருந்தது. முழுக்கத் துளைகள். அப்படியானால், அளவு பார்க்க வெட்டிய துளையில்லாத பலகையைப் படகுக்குள் வைத்திருக்கிறேன். துடுப்பைத் தாங்கும் சட்டம் முடுக்கியிருப்பதும் அங்கேதான். வெளியே பெயின்ட் அடித்தாயிற்று. யாருக்கும் தெரியாது.

அவள் கால்கள் படகோடு பொருத்திய செருப்பில் கட்டியிருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. முதலாளியின் செல்போனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. ஆட்டோவில் ஏறினேன். பிறந்ததிலிருந்து பேசும் மலையாளம் வாயில் வரவில்லை. “காயல், காயல்” என்று மட்டும் சொன்னேன்.

போய்ச் சேர்ந்தபோது அவள் கரையைவிட்டு வெகுதூரம் போயிருந்தாள். துடுப்புப் போடுகிறவர்கள் பின்பக்கம் பார்த்தபடிதான் போவார்கள். அவள் முகம் என் பக்கமே இருந்தது. இரண்டு கையையும் ஆட்டினேன். சிரித்துக்கொண்டே இன்னும் தூரம் போனாள். கரையில் நின்ற முதலாளியிடம் ஓடினேன்.

“சார், திரும்பி வரச் சொல்லுங்கோ! இடப்பக்கப் பலகையிலே துளை இல்லை!”

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினார். “மோளே! துடுப்பைப் பலமா வலிக்காதே! மெல்லத் திருப்பு, கேட்டோ!”

பாதித் தூரம் திரும்பி வந்தபோது 'டக்'கென்று ஒரு சத்தம் தண்ணீர்மேல் கேட்டது.

“அப்பா, படகுக்குள்ளே வெள்ளம் கேறுது!”

“காலை அவிழ்த்துக்கோ! முதல்ல காலை!”

அவர் உடுத்திய துணியோடு காயலில் இறங்கினார். நான் கரையில் மரமாக நின்றேன். அவள் குனிந்து கால்களை அவிழ்த்தாள். பிறகு அவள் தலை தண்ணீரில் தெரிந்தது. நீந்தி வந்தாள். மார்பளவு தண்ணீரில் அவர் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, நீ டாட்டா காட்டறேன்னு நெனச்சேன்” என்றாள்.

பட்டறையில் அந்த இடத்தை அறுத்துப் பார்த்தோம். அடித்துணி சுருளிலிருந்து வெட்டியதுபோல உலர்ந்தே கையோடு வந்தது. “நீ வந்து சொல்லாம இருந்தா...” என்று தொடங்கிய முதலாளி நிறுத்திக்கொண்டார். வேலை போயிற்று என்றே இருந்தேன். “திங்கக்கிழமை வா” என்றார்.

இரண்டாவது படகின் ஒவ்வொரு துளையையும் நானும் முதலாளியும் சேர்ந்து பார்த்தோம். அவள் அதைக் காயலில் இறக்கிய அன்று நானும் போனேன். அவள் கரையேறும்வரை தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன்.