தண்டவாளத்தில் ஒரு தட்டு

இது கட்டுக்கதை இல்லை. சந்தேகம் இருந்தால் மலாக்காவில், காஜா பேராங்கில் சுப்பையன் வீட்டுக் கொல்லைப்பக்கம் போய்ப் பாருங்கள். கொட்டகையில் ஒரு சங்கிலி தொங்கும். பாருங்கள், தொட்டுவிடாதீர்கள்.

சுப்பையனும் அவன் அண்ணன் மருதமுத்துவும் ரப்பர் ஆலையில் இயந்திரம் பழுது பார்த்தவர்கள். ஆலை இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அதனால் பாரம் தூக்கும்போது இரும்பில் தட்டிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் ‘ஏத்து’. இரண்டு என்றால் ‘நிறுத்து’. அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பழக்கம் அது. வீட்டில் கட்டிலை நகர்த்தும்போதும் இதே கூத்துதான். அண்ணி அலமேலு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். சியாம் ரயில் பாதை போட மருதமுத்துவைப் பிடித்துக்கொண்டு போனான். அவன் திரும்பவில்லை. சண்டை முடிந்து பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. காரியம் செய்யச் சொல்லிச் சொல்லிச் சொந்தக்காரர்கள் வாய் ஓய்ந்ததுதான் மிச்சம்.

“செத்ததைப் பார்த்தவங்க வந்து சொல்லட்டும். பொட்டை அழிச்சிடறேன்” என்றாள் அலமேலு.

சுப்பையன் அழக்கூட இல்லை. மனசு மரத்துப் போயிருந்தது. சாப்பிட்டான், வேலைக்குப் போனான், தூங்கினான்.

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். ஊரே கொடி கட்டிக் கொண்டாடியபோது அவன் இரும்பு கடையும் பழைய லேத் இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொட்டகையில் போட்டான். வீட்டோடு பட்டறை வைக்கும் எண்ணம். லேத்தைப் பீடத்தில் ஏற்ற வேண்டும், துணைக்கு ஆள் இல்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு தண்டவாளத் துண்டு அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. இரண்டு மரத்தூண்களை நட்டு அதைக் குறுக்கே போட்டு இறுக்கினான். அதிலிருந்து செயின் பிளாக்கைத் தொங்கவிட்டான். கைச்சங்கிலியை இழுத்தால் கொக்கி மேலே ஏறும். ஒருத்தனே ஒரு லேத்தைத் தூக்கிவிடலாம்.

அன்று மாலை ஆறரை மணி. லேத்தை இன்னும் மாட்டவில்லை. வெறும் கொக்கி.

டக்.

வெயிலில் காய்ந்த இரும்பு, குளிரும்போது சத்தம் போடும் என்று நினைத்தான்.

மறுநாள் நல்ல மழை. வெயிலே இல்லை. ஆறரைக்கு... டக்.

போல்ட்டுகளை எல்லாம் மறுபடி முடுக்கினான். எண்ணெய் விட்டான். மூன்றாம் நாள் அலமேலு இரண்டு குவளை கோப்பியோடு வந்தாள்.

“கூட யாரு, தம்பி?”

“யாருமில்லயே அண்ணி.”

“தட்டுற சத்தம் கேட்டுச்சே...”

டக்.

சுப்பையன் கைச்சங்கிலியைப் பிடித்து இழுத்தான். வெறும் கொக்கி, பூப்போல ஏற வேண்டும்.

ஏறவில்லை. கனத்தது.

ஓர் ஆள் கனம்.

கையை விட்டுவிட்டான்.

மறுநாள் காலையில் நேரே இரும்புக் கடைக்குப் போனான். தண்டவாளம் எங்கிருந்து வந்தது என்று கேட்டான். கடை முதலாளியான சீனத் தவுக்கே வடக்கே கையைக் காட்டினான். “சியாம் புன்யா.” சியாமிலிருந்து வந்த சரக்கு.

சுப்பையன் சைக்கிளைச் செமாபோக்குக்கு மிதித்தான். அங்கே நல்லையா இருந்தார், சியாமிலிருந்து உயிரோடு திரும்பியவர். முன்பு மருதமுத்துவின் பேரைச் சொல்லிக் கேட்டபோது தெரியாது என்றவர்தான். இந்த முறை சுப்பையன் பேரைச் சொல்லவில்லை. தட்டுவதைச் சொன்னான்.

நல்லையா அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“பேரெல்லாம் அங்க யாருக்குத் தெரியும்? மலாக்காக்காரன்னாங்க. வண்டியிலேருந்து தண்டவாளம் சரிஞ்சு அவன் மேல விழுந்திருச்சு. தூக்கப் போனோம், ஜப்பான்காரன் அடிச்சு விரட்டிட்டான். பொழுது சாயுற வரைக்கும் அடியிலேருந்து தட்டிக்கிட்டே இருந்தான். ஒவ்வொரு தட்டா, விட்டு விட்டு. எதுக்குத் தட்டுறான்னு எங்க யாருக்கும் விளங்கல.”

சுப்பையனுக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். அவள் அழவில்லை. ஆறரைக்கு இருவரும் கொட்டகையில் நின்றார்கள்.

டக்.

சுப்பையன் இழுத்தான். கனம். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

டக்...

இழுத்தான். கொக்கி ஏறியது. கீழே ஒன்றுமில்லை. ஆனால் சங்கிலி விறைத்து நின்றது. இழுத்தான்...

டக். டக்.

நிறுத்தினான்.

அலமேலு முந்தானையால் பொட்டைத் துடைத்தாள். அப்போதுதான் சுப்பையனுக்கு அழுகை வந்தது, பன்னிரண்டு வருஷத்து அழுகை. வெகுநேரம் கழித்துக் கேட்டான்.

“கொக்கியை இறக்கிடட்டுமா, அண்ணி?”

“வேணாம் தம்பி. மறுபடி கீழ விட்டுடாதீங்க.”

லேத்தைப் பிறகு அக்கம்பக்கத்து ஆட்கள் ஆறு பேர் கையால் தூக்கி வைத்தார்கள். அந்தக் கொக்கி இன்றைக்கும் மேலேதான் இருக்கிறது. அதில் எதையும் மாட்டியதில்லை. காற்றடித்தாலும் சங்கிலி ஆடுவதில்லை.