துரையின் விலா எலும்புகள்

சிவந்தி கையால் சாப்பிட்டு இளைத்துப்போனவர் என்று ஒருவரைக் காட்டுங்கள், நான் தையல் மெஷினைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன். இருபது வருஷமாக அவளுக்கு எதிர் வீட்டில் குடியிருக்கிறேன். என் ஜாக்கெட் அளவு எப்படி ஏறியது என்பது எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை மெஸ் இருக்கிறது. அங்கே அவள்தான் சமையல். துறைமுகத்துக்குள் நுழைய முடியாமல் நாள்கணக்கில் காத்துக் கிடக்கிற டிரைவர்களைப் பார்த்து, "இன்னா நைனா, கன்னம் ஒட்டிப் போய்க்கீது" என்று கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு போடுவாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் சமைக்கும்போது ருசி பார்க்கவே மாட்டாள். ஆவியை மோந்து பார்த்தே உப்பு, புளி, காரம் எல்லாம் சொல்லிவிடுவாள். "நாக்குல வெச்சிப் பாக்கறவ கத்துக்குட்டி" என்பது அவள் கட்சி. அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

போன வருஷம் நோன்பு மாதத்துக்குச் சில வாரம் முன்னால், ஒரு மத்தியானம் ஷேர் ஆட்டோவிலிருந்து மடியில் ஒரு கோணிப்பையோடு இறங்கினாள். பையிலிருந்து நீளமாக ஒரு மூஞ்சி எட்டிப் பார்த்தது. நான் கத்தியே விட்டேன். முதலில் ஆட்டுக்குட்டி என்று நினைத்தேன். கீழே இறக்கிவிட்டாள். நாலு குச்சிக் கால், வளைந்த முதுகு, எண்ணி எடுக்கலாம் போல விலா எலும்பு. இடுப்பு எலும்பு இரண்டும் தோலைக் கிழித்துக்கொண்டு வருகிற மாதிரி நின்றன. நாய் என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கிரேஹவுண்டாம்மே" என்றாள் சிவந்தி. "ரேசு வுட்டுகினு இருந்துக்கீறானுங்கோ. தோத்துப் போச்சாம், கொட்டா பின்னாடி கட்டிப் போட்டுட்டுப் பூட்டானுங்கோ. பாவிங்கோ."

வெள்ளைக்கார ஜாதி என்பதால் துரை என்று பெயர் வைத்தாள். துரை எங்கள் குடியிருப்பின் படிக்கட்டைப் பார்த்தே நடுங்கினான். ஏறத் தெரியவில்லை. முதல் மாடிக்கு அவள்தான் தூக்கிக்கொண்டு ஏறினாள். அவளுக்கு ஒரே மகன் அபின், தூத்துக்குடியில் கப்பல் வேலை. வீட்டில் அவள் ஒருத்திதான். அன்றைக்கே முடிவாகிவிட்டது, இனி அந்த வீட்டில் இரண்டு பேர்.

மறுநாள் டாக்டரிடம் நானும் கூடப் போனேன். கால்நடை டாக்டர் லுப்னா சின்னப் பெண்தான், ஆனால் பேச்சு நறுக்கென்று இருக்கும். எடை போட்டதில் பத்தொன்பது கிலோ. "இவன் உயரத்துக்கு இருபத்தேழாவது வேணும்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு கிலோ என்றால் ஒரு சின்னப் பிள்ளையே குறைகிறதே!

சிவந்தி மட்டும் சிரித்தாள். "எட்டு கிலோதானே? ஒரே வாரம் டாக்டரம்மா."

"அதான் கூடாது" என்றார் டாக்டர். "பட்டினி கிடந்த உடம்பு. ஒரேயடியா போட்டா தாங்காது. முதல்ல பூச்சி மருந்து. அப்புறம் நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமா. எலும்பில்லாத கோழிக்கறி, சோறு, பூசணி, முட்டை, எல்லாம் வெறும் தண்ணியில வேகவெச்சது. வாரா வாரம் அளவைக் கூட்டலாம். உப்பு வேணாம், மசாலா வேணாம். வெங்காயம், பூண்டு கிட்டயே வரக்கூடாது. நாய்க்கு அது விஷம்."

வெங்காயம் இல்லாமல் சமைப்பது சிவந்திக்கு எவ்வளவு கேவலம் என்று எனக்குத்தானே தெரியும்! ஆனாலும் செய்தாள். துரைக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி. அந்தச் சட்டியை மோந்து பார்த்து, "ஒரு வாசனையும் இல்லியேமே, இத்த எப்பிடித் துன்றான்?" என்று புலம்புவாள். துரை தின்றான். இருபது ஆனான், இருபத்தொன்று ஆனான். மினுமினுவென்று முடி வந்தது. படிக்கட்டைக்கூட ஒருநாள் தானாகவே ஏறினான், நாங்கள் இரண்டு பேரும் கை தட்டினோம்.

ஆனால் எலும்பு தெரிந்துகொண்டேதான் இருந்தது. எங்கள் ஜனத்துக்கு வாய் சும்மா இருக்குமா? "ஊருக்கே ஆக்கிப் போடுறா, நாய்க்குச் சோறு போட வக்கில்ல" என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பேச்சு. சிவந்தியின் முகம் செத்துப்போனது. வேறு எதைச் சொல்லித் திட்டியிருந்தாலும் திருப்பிக் கொடுத்திருப்பாள். இந்தப் பேச்சுக்கு மட்டும் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நோன்பு ஆரம்பித்தது. பள்ளிவாசலில் சாயங்காலமானால் கஞ்சி ஊற்றுவார்கள். எங்கள் பக்கம் அந்தக் கஞ்சிக்கு மதம் கிடையாது. காய்ச்சலில் எழுந்தவர், பிள்ளை பெற்றவள், மஞ்சள் காமாலை வந்தவர், எல்லார் வீட்டிலிருந்தும் தூக்குவாளி போகும். அபினுக்குச் சின்ன வயதில் டைபாய்டு வந்து தேறியதே அந்தக் கஞ்சியால்தான் என்று சிவந்தி இன்றைக்கும் சொல்வாள். அதனால் அவள் தினமும் தூக்குவாளியோடு போய் வந்ததைப் பார்த்தும் நான் ஒன்றும் கேட்காமல் தையலில் குனிந்துகொண்டேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். துரை படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது. கீழே இறக்கிவிட்டபோது அவன் பெய்த மூத்திரம் காப்பித்தண்ணி நிறத்தில் ஓடியது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் லுப்னா அவன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்துக் கிடந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"உடம்புக்குள்ளயே ரத்தம் உடையுது. வெங்காயமோ பூண்டோ போயிருக்கு. என்ன குடுத்தீங்க?"

"நீங்கோ சொன்ன சோறுதான் டாக்டரம்மா."

"வேற?"

"எம் புள்ள மேல சத்தியமா வேற ஒரு சோறும் போடல."

சிவந்தி பொய் சொல்கிறவள் இல்லை. டாக்டருக்கும் அது தெரிந்தது. ஊசி போட்டு, நாளைக்குக் காலையில் மறுபடி கொண்டுவரச் சொன்னார். "யாரோ குடுக்குறாங்க. கண்டுபிடிங்க. இன்னும் ரெண்டு நாள் இப்படிப் போனா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

வீட்டுக்கு வந்ததும் சிவந்தி வாசலில் நின்று குடியிருப்பையே கிழித்தாள். "எவ எம் புள்ளைக்கு வெங்காயம் போட்டது? வெளிய வாங்கடி!" நானும் சும்மா இருக்கவில்லை. மூன்றாவது மாடியில் பிரியாணி எலும்பு வீசுகிற வீட்டுக்காரியை இழுத்துவைத்துப் பேசினேன். அவள் அழுதாள். அழட்டும் என்று விட்டேன்.

வெயில் தாழ்ந்தது. சிவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்த் தூக்குவாளியை எடுத்து வந்தாள், வழக்கத்தைவிடப் பெரியது.

"இந்த நேரத்துல எங்கமே?" என்றேன்.

"பள்ளிவாசலுக்கு. துரைக்குத் தெம்பே இல்ல, இன்னிக்கு ரெண்டு பங்கா வாங்கியாரணும்."

தூக்குவாளியின் பிடியைப் பிடித்து அவளை நிறுத்தினேன்.

"துரைக்கா? டெய்லி கஞ்சி ஊத்துறியா நீ?"

"ஆமா. அது இல்லாங்காட்டி எப்பவோ பூட்டுருப்பான்."

"டாக்டரம்மா கேட்டாங்களே சிவந்தி!"

"அவங்கோ சோத்தத்தானே கேட்டாங்கோ? இது மருந்துமே." என்னை விவரம் கெட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அப்பிடியும் வெங்காயத் துண்டு, பூண்டு எல்லாத்தியும் துணியில வடிகட்டிட்டுத்தான் ஊத்துறேன். மோந்து பாத்தா கறி வாசனைதான் வர்து."

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். கஞ்சி காய்ச்சுகிற ஹபீபுல்லா பாய் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "பாய், இதுல வெங்காயம் பூண்டு எவ்ளோ போடுவீங்க?" என்று கேட்டேன்.

"அதுதானே கஞ்சிக்கு உசிரே" என்று பெருமையாகச் சொன்னார். "பூண்ட அரைச்சே ஊத்திடுவேன், வெங்காயம் கரைஞ்சே பூடும். ஏம்மா?"

விஷயத்தைச் சொன்னேன். துடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா, ஏங் கையாலயா?" என்றார். சிவந்தியின் கையிலிருந்து தூக்குவாளி நழுவி உருண்டுபோனது. அதை அவள் எடுக்கவில்லை.

டாக்டருக்கு போன் போட்டு, கஞ்சியை வடிகட்டி ஊற்றியதைச் சொன்னேன். "வடிகட்டினா என்னம்மா, சாறு இறங்கியிருக்குமே. உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள், மருந்து கொடுத்தார்கள். இனி அவன் சாப்பிட்டால்தான் ரத்தம் ஊறும் என்றார் டாக்டர். அங்கேதான் அடுத்த இடி. வீட்டுக்கு வந்ததும் சிவந்தி துரையின் சட்டியைத் தொட மாட்டேன் என்றாள். மெஸ்ஸுக்கும் போகவில்லை. "ஏங் கை வெசக் கைமே. நீயே போடு" என்று சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். ஊருக்கே சோறு போட்ட அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நான் பிசைந்து வைத்தேன். துரை மோந்துகூடப் பார்க்கவில்லை. தலையைத் தரையில் வைத்தபடி அவளையே பார்த்தான். அடுத்த நாளும் அப்படித்தான்.

அன்று சாயங்காலம் ஹபீபுல்லா பாய் மூடி போட்ட ஒரு சின்ன வாளியோடு படியேறி வந்தார். "தாளிக்கறதுக்கு முன்னாடியே கறியும் அரிசியும் தனியா வேகவெச்சி எடுத்தேன். வெறும் தண்ணிதான். பெருநாள் வரிக்கும் டெய்லி கொணாறேன். போடு தங்கச்சி" என்று சிவந்தி முன்னால் வைத்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! "உங்கையால துன்னு சாவக் கெடந்துச்சி, இப்ப உங்கை இல்லாம சாவப் போவுது. எதுடி ஒனக்கு வோணும்?" என்று கத்தினேன். ஹபீபுல்லா பாயே பின்வாங்கிவிட்டார்.

சிவந்தி வாளியைத் திறந்தாள். வழக்கம்போல மூக்கு குனிந்தது, பாதியிலேயே நின்றது. ஒரு பிடி சோற்றை எடுத்துத் தன் வாயில் போட்டு, கண்ணை மூடி, வெகு நேரம் மென்றாள். இருபது வருஷத்தில் அவள் ருசி பார்த்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்புறம்தான் அடுத்த பிடியை அவனிடம் நீட்டினாள். துரை நாக்கை நீட்டினான். அவள் விரலைத்தான் முதலில் நக்கினான், பிறகு சோற்றை.

ஈறு சிவக்க வாரங்கள் ஆயின. மழைக்காலத்துக்கு முன்னால் இருபத்தேழு தொட்டான். "போதும், இதுக்கு மேல ஏத்தாதீங்க" என்றார் டாக்டர். சிவந்தி பதறிப்போய், "இன்னும் எலும்பு தெரியுதே டாக்டரம்மா!" என்றாள். இந்த ஜாதிக்குக் கடைசி விலா எலும்பு லேசாகத் தெரியத்தான் வேண்டும், தெரியாவிட்டால்தான் கோளாறு என்றார் டாக்டர். தெரிய வேண்டிய எலும்பை மறைக்கவா அந்தக் கஞ்சி?

நேற்றுத் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் புதிதாகக் குடிவந்தவள் ஒருத்தி, "இன்னாக்கா, நாய்க்குச் சோறே போட மாட்டியா? எலும்பு தெரியுது" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் சிவந்தி முந்திக்கொண்டாள்.

"தெரியட்டும்மே" என்றாள். "அவன் உசுரோட கீறான்." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, துரையின் சட்டியில் வெந்திருப்பதை ருசி பார்க்கப் படியேறிப் போனாள்.