அந்த அறைக்குள் என் வாய் எனக்குச் சொந்தமில்லை

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு மழைக்கால மதியம், பெங்களூரில் ஜீவனஹள்ளியை ஒட்டியிருக்கும் ஒரு சின்ன மனநல ஆலோசனை மையத்தில் நடந்தது இது. அங்கே வருகிறவர்கள் பேசுவதை ஆலோசகருக்கு மொழிபெயர்த்துச் சொல்வது என் வேலை. பெரிய படிப்பு படித்து வாங்கிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தமிழ், கன்னடம், இந்தி, இங்கிலீஷ் எல்லாம் தெருவிலேயே வந்துவிடும். அதோடு எனக்கு வாயும் கொஞ்சம் அதிகம். "உன் வாய்க்கு எவனாவது சம்பளம் குடுத்தா நாம பங்களாவே கட்டிடலாம்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். சம்பளம் வந்தது, பங்களாதான் வரவில்லை.

ஆலோசகர் மேடம் வடக்கிலிருந்து வந்தவர். என் மகள் வயதுதான் இருக்கும். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. வேலையில் சேர்ந்த அன்றே கறாராகச் சொல்லிவிட்டார். வந்தவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும், 'இவங்க சொல்றாங்க' என்று தள்ளி நிற்கக் கூடாது. என் பங்குக்குப் புத்திமதி எதுவும் சொல்லக் கூடாது. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு உயிர் போகிற கஷ்டம்.

அன்று வந்த பெண், கல்யாணமாகித் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்தவள். புருஷன் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் கார் ஓட்டுகிறார். வயிற்றிலேயே குழந்தை இறந்துபோய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று அவரேதான் அழைத்து வந்தார். "எனக்கு இந்தி நல்லா வரும், நானே சொல்லிடறேன்" என்று உள்ளே வரப் பார்த்தார். வீட்டு மனிதர்கள் மொழிபெயர்க்கக் கூடாது என்று மேடம் அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார். அக்கறையாக அழைத்து வந்த மனுஷனை இப்படியா தள்ளி வைப்பது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. திடீரென்று அவள் மேடத்தை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, இது உங்களுக்கு மட்டும். மேடத்துக்குச் சொல்லிடாதீங்க. நான் நாளைக்கு இருக்க மாட்டேன். முடிவு பண்ணிட்டேன். அதுக்கு வேண்டியத வீட்டுல எடுத்தும் வச்சிட்டேன்."

என்ன சொன்னார் என்று மேடம் இந்தியில் கேட்டார். அந்தப் பெண் என் முழங்கையைப் பிடித்தாள். நான் பேசாமல் இருக்க இருக்க அந்தப் பிடி இறுகிக்கொண்டே போனது.

சொன்னால், என்னை நம்பிச் சொன்னவளுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் நாளைக்கு இவளே இருக்க மாட்டாள். இவளைத் தனியாகக் கூட்டிப் போய் நாலு நல்ல வார்த்தை சொல்லி நானே தேற்றிவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. என் வாய் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை! நல்ல வேளை, அந்தக் கிறுக்குத்தனத்தைச் செய்யவில்லை.

"உனக்குத் தெரியாம எதுவும் பண்ண மாட்டேம்மா. ஆனா நீ சொன்னத இப்ப அப்படியே சொல்லப் போறேன்" என்று முதலில் அவளிடம் சொன்னேன். பிறகு இந்தியில் ஆரம்பித்தேன். 'மேடத்துக்குச் சொல்லிடாதீங்க' என்பதையும் விடவில்லை. 'நான் நாளைக்கு இருக்க மாட்டேன்' என்று என் வாயால் சொன்னபோது, வேறு யாருக்கோ நடப்பதாகவே தோன்றவில்லை.

கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்ததில் அவளுக்குக் கொஞ்சம் இந்தி புரியும். "ச்சீ! உங்கள நம்பித்தானே சொன்னேன்!" என்று என் கையை உதறிவிட்டு எழுந்தாள். கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள். அதே நேரம் வெளியிலிருந்து புருஷன் கதவைத் தட்டினார். "டூட்டிக்கு டைம் ஆச்சு, முடிஞ்சுதா?"

ஐயோ, கதவைத் திறந்து அவள் அப்படியே போய்விட்டால்?

மேடம் கதவை மறிக்கவில்லை. கொஞ்சம் தள்ளியே நின்று நிதானமாகப் பேசினார். நான் தமிழில் சொன்னேன். "இந்த அக்கா மேல கோபப்படாதீங்க. இங்க இவங்ககிட்ட சொல்றது எங்கிட்ட சொல்றதுதான். நீங்க சொல்றது எதுவும் வெளிய போகாது, ஆனா உயிருக்கு ஆபத்துன்னா மறைக்க முடியாது. இத நான் முதல்லயே உங்களுக்குச் சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு, மன்னிச்சுக்குங்க. இன்னிக்கு உங்களத் தனியா அனுப்ப மாட்டேன். ஆனா யார்கிட்ட சொல்லணும், எவ்வளவு சொல்லணும்னு உங்களக் கேட்டுத்தான் செய்வேன்."

அவளிடம் யாரும் அப்படி மன்னிப்புக் கேட்டதில்லை போலிருக்கிறது. தாழ்ப்பாளிலிருந்து கை இறங்கியது. சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிறகு, "அவருக்கு இப்ப வேணாம், உடைஞ்சு போயிடுவாரு. எங்க அக்கா இங்கதான் ஜீவனஹள்ளியில இருக்கா, அவளக் கூப்பிடுங்க" என்றாள். அவள் எதிரிலேயே போனை ஸ்பீக்கரில் போட்டு என்னைப் பேச வைத்தார் மேடம். அன்றே மனநல டாக்டரைப் பார்ப்பது, அவள் அக்கா வீட்டில் தங்குவது, எடுத்து வைத்ததை அக்காவே போய் அப்புறப்படுத்துவது என்று ஒவ்வொன்றையும் அவளைக் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள்.

அவள் அக்கா ஆட்டோவில் வந்து சேர்வதற்குள், தண்ணீர் எடுக்க வெளியே வந்த என்னைப் புருஷன் மடக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, நீங்க நம்ம ஆளு. உள்ள என்ன சொன்னா? எம் பொண்டாட்டி அவ, அக்கா. எனக்குத் தெரியக் கூடாதா?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே எதையும் மறைக்கக் கூடாத இந்த வாய், வெளியே வந்ததும் எதையும் சொல்லக் கூடாது. "மேடமே உங்ககிட்ட பேசுவாங்க, தம்பி" என்றேன். "என்ன கல்நெஞ்சு!" என்று அவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. உள்ளே ஒருத்தி 'ச்சீ' என்றாள், வெளியே ஒருத்தர் கல்நெஞ்சு என்கிறார். குழாயைத் திறந்து விட்டுவிட்டு, சத்தம் கேட்காமல் அழுது தீர்த்தேன்.

அடுத்த வாரம் அவள் அக்காவோடு வந்தாள். உயிரோடு வந்தாளே, அதுவே போதும் என்றிருந்தது எனக்கு. வேறு யாரையாவது மொழிபெயர்க்க வைக்கட்டுமா என்று மேடம் முதலில் அவளைத்தான் கேட்டார். அந்தக் கேள்வியையும் நானேதான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. எழுந்து போக நான் தயாராகவே இருந்தேன். அவள் என் பக்கம் கை காட்டினாள்.

"இவங்களே இருக்கட்டும். இவங்க எதையும் முழுங்க மாட்டாங்க" என்றாள். பிறகு, "அவருகிட்ட நானே சொல்லிட்டேன்" என்றாள். அதையும் 'நானே சொல்லிட்டேன்' என்றே இந்தியில் சொன்னேன்.

இதை எழுதலாமா என்று மையத்தின் மூலமாக அவளைக் கேட்டேன். அவர்களுடைய ஊரையும் வேலையையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். "எழுதுங்கக்கா. சொல்லாதீங்கன்னு நான் கெஞ்சினதையும் விடாம எழுதுங்க" என்றாள்.

இன்றைக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேறொருவருக்காக 'நான்' என்று ஆரம்பிக்கும்போதெல்லாம், என் முழங்கையில் அவள் பிடி இருக்கிறது. அதை உதறாமலும் அதற்கு அடங்கிப் போகாமலும் பேசுவதுதான் என் வேலை என்று அவள்தான் எனக்குப் புரிய வைத்தாள்.