யோகராணியின் முழுப் பேர்

செய்தி வந்தபோது நான் கடையில் ரப்பர் பூட்ஸுகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். விடாத மழை. பதுளைக் கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. மடுல்சீமைப் பக்கம் தோட்டத்து லொறி ஓட்டும் செல்வம்தான் போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, கோயில் மேட்டில மண்ணு இறங்கிருச்சு. நம்ம யோகராணி அங்கதான் நின்னுருக்கு."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சா?"

"பாதை இல்லயே அண்ணே. இருந்தாலும் பிரயோசனம் இல்ல."

நான் வியாபாரி. கெட்ட செய்தி வந்தால் அடுத்து ஆக வேண்டியதைப் பார்க்கிற புத்தி எனக்கு. அன்றைக்கு அது வேலை செய்யவில்லை. ஒரு கையில் இருந்த பூட்ஸுக்குச் சோடியைத் தேடிக்கொண்டே இருந்தேன். அது என் மற்றக் கையில் இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யோகராணி மடுல்சீமைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில் ஒன்றில், பிறந்தவர். தகப்பனார் இவர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே தவறிவிட்டார். தாய் மாரியாயி அக்கா கொழுந்து பறித்துப் படிக்க வைத்தார். பதுளையில் ஒரு வகுப்பில் வெப்சைட் செய்யப் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் யோகராணி முதன்முதலாக என் கடைக்கு வந்தார். அம்மாவுக்குப் படங்கு வாங்க. மலையில் ஈரம் ஏறாமல் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற அந்தத் தடித்த துணியை விற்றுத்தான் நான் ஆளானேன். நானும் லயத்துக்காரன்தான். நடைபாதையில் சாக்கு விரித்து ஆரம்பித்தவன். வருகிறவர் வாங்குவாரா, விலை கேட்டுவிட்டுப் போவாரா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இவர் வாங்கினார். வாங்கிவிட்டுப் போகாமல் நின்றார்.

"அண்ணே, ஒங்க கடைக்கு ஒரு வெப்சைட் செஞ்சு தரட்டா?"

"கொழுந்து பறிக்கிறவங்க இன்டர்நெட்டிலயா தங்கச்சி படங்கு பாக்கப் போறாங்க?"

"அவங்க பாக்க மாட்டாங்க. கொழும்பில கடையிலயும் கார்மெண்ட்ஸிலயும் நிக்கிற அவங்க புள்ளைங்க பாப்பாங்க. அம்மாவுக்கு ஒரு பூட்ஸ் வாங்கி அனுப்ப அவங்களுக்கு வழி இல்ல."

அந்த இடத்திலேயே சரி என்றேன். பாவம் பார்த்துச் செய்தேன் என்று கடைத்தெருவில் சிலர் பேசினார்கள். இல்லை. அதில் வியாபாரம் இருந்தது.

வெப்சைட் வந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. ஓர்டர் போடும் பக்கத்தில் "முழுப் பேர்" என்று ஒரு கட்டம் வைத்திருந்தார். பூனாகலையிலிருந்து ஓர் அம்மா போனில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் மொதலாளி, முழுப் பேர் இருந்தாத்தான் பூட்ஸ் குடுப்பீங்களா? மக வாசிச்சுக் காட்டுனா. இந்த மாசம் எனக்கு நெறைய அரைப் பேரு. அதுக்காக எங் காலு நனையலாமா?"

தோட்டத்தில் பேர் என்றால் அவரவருக்கு வைத்த பெயர் மட்டுமல்ல. காலையில் பெரட்டில் கூடி, பேர் கூப்பிடும்போது பதில் சொல்லி, மலைக்குப் போய்ச் சொன்ன அளவு கொழுந்து பறித்தால் அன்றைக்கு முழுப் பேர். பெரட்டுக்குப் பிந்தினாலும் கொழுந்து குறைந்தாலும் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். லயத்திலேயே பிறந்தவர், வகுப்பில் படித்த பாஷையில் எழுதிவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் யோகராணி மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். பிறகு நிமிர்ந்து, "எங்கம்மாவும் பிந்திப் போய் அரைப் பேரோட வரும் அண்ணே. அன்னைக்கு எங்களோட பேசாது" என்றார். அந்தக் கட்டத்தில் "உங்க பெயர்" என்று மாற்றிவிட்டுத்தான் எழும்பினார்.

அந்த வேலையைக் காட்டித்தான் கொழும்பில் ஒரு கம்பெனியில் இடம் எடுத்தார். இருந்த இடத்திலிருந்தே செய்யலாம் என்றார்கள். என் கடை மாடியில் சாமான் போட்டிருந்த அறையை ஒழித்துக் கொடுத்தேன். தினமும் காலையில் அவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டரில் கூடி, யார் யார் என்ன வேலை என்று பிரித்துக்கொள்வார்கள். யோகராணி அதற்குப் பெரட்டு என்றும், அதை நடத்தும் கம்பெனித் தலைவருக்குக் கங்காணி என்றும் பேர் வைத்திருந்தார்.

"தேத்தண்ணி அப்புறம் அண்ணே. பெரட்டுக்கு நேரமாச்சு."

"இன்னைக்குக் கங்காணி எப்படி?"

"மேல கழுத்துப்பட்டி. கீழ சாரந்தான் கட்டியிருக்காருன்னு நெனைக்கிறேன். எழும்பவே மாட்டேங்கிறாரு."

தோட்டத்துப் பிள்ளைகள் வந்து இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்பார்கள். ஆசை காட்டிப் பேச அவருக்குத் தெரியாது. "எங்க இருந்தும் செய்யலாம்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. சிக்னல் இருக்கிற எடத்தில இருந்து செய்யலாம். நம்ம லயத்தில அது இல்ல. அதையும் யோசிச்சுட்டுப் படிங்க" என்பார். கொழும்புக்கே போய்விட்டால் பெரிய ஆளாக வரலாம் என்று நானும் பல தடவை சொன்னேன். "வெப்சைட்டுக்கு ஊர் இல்ல அண்ணே. செய்றவங்களுக்குத்தான் ஊர் இருக்கு" என்றார்.

ஊர் என்று அவர் சொன்னது அம்மாவை. அவர்களுடைய லயம் மலைச்சரிவுக்குக் கீழே. மீரியபெத்தத் தோட்டத்து லயங்கள் மலை சரிந்து மண்ணுக்குள் போனதிலிருந்து மழைக்காலத்தில் அப்படிப்பட்ட லயங்களில் யாரும் நிம்மதியாகப் படுப்பதில்லை. அம்மாவைக் கீழே கொண்டுவர வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று நின்றார். பதுளையில் சரிவில்லாத இடத்தில் ஒரு சின்ன வீடும் பார்த்தோம். மாரியாயி அக்கா அசையவில்லை. வேலையை விட்டால் தோட்டத்தில் பேரை வெட்டிவிடுவார்கள், காம்பராவும் கையை விட்டுப் போகும், மகள் வேலை நாளைக்கு இல்லை என்றால் எங்கே போவது என்று கேட்டார். அந்தப் பயத்தைப் பிழை என்று என்னால் சொல்ல முடியாது. நானும் அதில் வளர்ந்தவன்.

அந்தச் சனிக்கிழமை யோகராணி புறப்பட்டபோது, "இந்த முறை கூட்டிக்கிட்டுத்தான் வருவேன். வண்டி பேசி வைங்க" என்றார். அன்றிரவே மடுல்சீமைப் பாதையில் மண் சரிந்தது. வண்டி போக வழியில்லை. திங்கட்கிழமை காலை, லயத்தில் சிக்னல் இல்லாதபடியால், முனியாண்டி கோயில் மேட்டுக்கு ஏறியிருக்கிறார். மழையோடு போகாதே என்று அம்மா மறித்திருக்கிறார். "பெரட்டும்மா, முடிஞ்ச ஒடனே வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். லெப்டொப்பைப் படங்கில் சுற்றி முதுகில் கட்டியிருந்தார். போனில்தான் பேசியிருக்கிறார்.

மண்ணை வெட்டி எடுத்தபோது அந்தப் படங்கு கிழியாமல் இருந்தது. உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. நல்ல சாமான்தான் விற்றிருக்கிறேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

சாவு வீட்டுக்குப் பாதி வழி நடந்துதான் போனோம். யோகராணி கங்காணி என்று சொன்ன கம்பெனித் தலைவரும் கொழும்பிலிருந்து வந்து எங்களோடு சேற்றில் நடந்தார். சின்ன வயதுக்காரர். சிங்களத்தில் சொன்னார்: "மழையாக இருந்தால் வர வேண்டாம் என்று செய்தி அனுப்பியிருந்தேன். அவருக்குக் கிடைத்ததோ தெரியாது. பேர் கூப்பிட்டதும் பதில் சொன்னார். தன்னுடைய வேலை முடிந்தது என்றார். பிறகு சத்தம் நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து அடுத்தவரைக் கூப்பிட்டோம்."

அவர் மேல் நான் பிழை சொல்ல மாட்டேன். பாதை இல்லை, சிக்னல் கோபுரம் இல்லை, லயத்தை விட்டு இறங்க ஒரு துண்டு நிலம் இல்லை. தேர்தல் வந்தால் மூன்றும் மேடைக்கு வரும், முடிந்ததும் மேடையோடு போகும். விதி என்று சாவு வீட்டில் சிலர் சொன்னார்கள். விதிக்கு ஏன் எப்போதும் லயத்துப் பக்கத்துக்கே வழி தெரிகிறது என்று கேட்டேன்.

பாதை திறந்த பிறகு, யோகராணி பேசி வைக்கச் சொன்ன அதே வண்டியில் மாரியாயி அக்காவை இறக்கி வந்தோம். பதுளை வீட்டில் சாமான்களை வைத்துவிட்டு நான் வெளியேறப் பார்த்தபோது கூப்பிட்டார். படங்கு மூட்டை மடியில் இருந்தது.

"மொதலாளி, அந்தத் தம்பி என்னமோ சிங்களத்தில சொன்னுச்சே. எனக்கு வெளங்கல. எம்புள்ளைக்கு அன்னைக்குப் பேர் விழுந்துச்சா?"

இட்டுக்கட்டிச் சொல்ல எனக்குத் தேவை இருக்கவில்லை.

"விழுந்துச்சுக்கா. கூப்பிட்டாங்க, பதில் சொன்னிச்சு. வேலை முடிஞ்சுதுன்னும் சொன்னிச்சு. முழுப் பேரு."

அக்கா தலையை ஆட்டினார். மூட்டையை அவிழ்க்காமல், கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினார்.

தங்கச்சி, உங்க அம்மா கீழே இறங்கி வந்துவிட்டார். நீங்கள் போய் வாருங்கள்.