இரண்டாம் பாதை

போர் முடிந்த அடுத்த ஆண்டு, மழைக்காலம். மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் புதிதாகத் தொடங்கிய கணினிப் பயிற்சி நிலையத்துக்கு நான்தான் வைஃபை போட்டுக் கொடுத்திருந்தேன். வாவியைக் கடக்கும் துறையில் அப்போது பாலம் இல்லை. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகும் பெரிய மிதவையில்தான் கடக்க வேண்டும். அதை எங்கள் ஊரில் 'பாதை' என்போம்.

நிலையத்தின் கூரையில் ஒரு பெரிய வயர்லெஸ் பெட்டி, அறைக்கு ஒன்றாக நான்கு சின்னப் பெட்டிகள். பெரியது படுத்துவிட்டால் கைகொடுக்க ஒரு மாற்றுப் பெட்டியும் வைத்தேன்; எங்கள் தொழிலில் அதை 'இரண்டாம் பாதை' என்போம். அது இரண்டு அறைகளைத்தான் தாங்கும். அதனால் எந்த அறைக்கு முதலிடம் என்று எண் போட வேண்டும். பொறுப்பாளர் அறை ஒன்று, விருந்தினர் அறை இரண்டு, அலுவலகமான கந்தோர் மூன்று, வகுப்பறை நான்கு என்று போட்டேன். என் மரியாதையை நினைத்து எனக்கே பெருமை.

முதல் பரீட்சை நாள் வந்தது. இடம்பெயர்ந்து படிப்பைத் தொலைத்த பன்னிரண்டு பெண்பிள்ளைகள் எட்டரை மணிக்கு இணையத்தில் எழுத வேண்டும். தவறினால் சான்றிதழுக்கு இன்னும் ஒரு வருடம். எதற்கும் பக்கத்தில் நிற்போம் என்று புறப்பட்டுத் துறைக்கு வந்தால், பாதையின் எஞ்சின் பழுது. அந்த நேரம் பார்த்து நிலையத்தில் படிப்பிக்கும் ரீச்சர் எனக்குப் போன் எடுத்தார். இரவு மின்னலில் பெரிய பெட்டி போய்விட்டதாம். வகுப்பறையில் இணையம் இல்லை. மணி எட்டு.

பாதைக்காரர் என்னைவிட இளையவர். ஒரேயொரு தோணியில் ஆறு ஆறு பேராக ஏற்றிக்கொண்டிருந்தார். கோப்பும் குடையுமாக ஓர் உத்தியோகத்தர் முன்னால் போய் நின்றார்.

"சேர், கொஞ்சம் நில்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வருத்தக்கார ஆக்கள் முதல், பள்ளிக்கூடத்து ஆக்கள் ரெண்டாவது. உங்கட கந்தோர் எங்கயும் ஓடிப் போகாது."

கரையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. என் மாற்றுப் பெட்டியும் ஒரு தோணிதான்; அதில் நான் முதலில் ஏற்றியது இப்படிப்பட்ட உத்தியோகத்தரைத்தானே! பொறுப்பாளர் கொழும்பில். விருந்தினர் அறையில் எப்போதும் ஒரு பூனைதான். அந்த இரண்டு அறைக்கும் இணையம் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும்.

உடனே ரீச்சருக்குப் போன் அடித்தேன். "ரீச்சர், முதல் பாதை விழுந்திட்டு! ரெண்டாம் பாதை நல்லா ஓடுது, நான்தான் ஆக்கள மாறி ஏத்திட்டன்!"

பாதைக்காரர் தோணியை விட்டுவிட்டு ஓடி வந்தார். "எங்க, அண்ணன், ரெண்டாம் பாதை? இவ்வளவு நேரமும் சொல்லாம நிக்கிறீங்க!"

அவருக்கு விளக்க நேரமில்லை. ரீச்சர் மடிக்கணினியோடு விருந்தினர் அறைக்குப் போய், பூனையைக் கலைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். மழை பிடித்துக்கொண்டது. உத்தியோகத்தர் எனக்கும் சேர்த்துக் குடை பிடித்தார். ரீச்சருக்குக் கேட்கவில்லை என்பதால் பாஸ்வேர்டை நான்கு தடவை கத்தினேன். ஐந்தாவது தடவை எனக்கு முன்னால் உத்தியோகத்தரே கத்தினார்! வகுப்பறை ஒன்று, கந்தோர் இரண்டு என்று எண்களை மாற்றச் சொன்னேன்.

ரீச்சர் எண்களை மாற்றினார். பிறகு போனுக்குள் பன்னிரண்டு பிள்ளைகளின் கூச்சல். "வந்திட்டு! வந்திட்டு!" மணி எட்டு இருபத்தேழு. நான் கரையிலேயே துள்ளினேன். என்னவென்று தெரியாமலே பாதைக்காரர் விசிலடித்தார்.

கடைசித் தோணியில் நானும் உத்தியோகத்தரும் நனைந்துகொண்டே கடந்தோம். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் தேறிய செய்தி வந்த அன்று, ரீச்சர் இதையும் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார்: "பூனைக்கு மட்டும் இன்னும் இணையம் இல்ல."

அந்தத் துறையில் இப்போது பாலம் வந்துவிட்டது. ஆனால் எந்தக் கட்டடத்தில் வேலை என்றாலும், எண் போடுமுன் இங்கே வருத்தக்காரர் யார், பள்ளிக்கூடத்து ஆட்கள் யார் என்று கேட்டுக்கொள்கிறேன். பொறுப்பாளர்களைக் கடைசித் தோணியில் ஏற்றுவதில் எனக்கு இன்றும் ஒரு தனிச் சந்தோஷம்.